பேட்ஜுக்கு மீசை கிடையாது

"சேச்சி, சப்ளையரெ ஒண்ணு விளிச்சே."

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டல். அங்கே நான் சப்ளையராக நின்ற முதல் நாள், முதல் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. என் கையில் ஆர்டர் எழுதும் புத்தகம் இருந்தது. மற்ற சப்ளையர்கள் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை, அதே கறுப்புப் பேன்ட். இதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. பெண் என்பது மட்டும் பட்டது. எங்கள் ஹோட்டலில் பெண் என்றால் சேலைக்கு மேல் நீலக் கோட்டு போட்டு மேஜை துடைப்பவள். ஆகவே சப்ளையரைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"ஞான் தன்னெ சப்ளையர்" என்றேன், நானேதான் என்று.

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்திருக்க வேண்டும். ஆள் நல்லவர்தான், போகும்போது தலையாட்டிவிட்டுக்கூடப் போனார். ஆனால் ஆர்டரை என் தோளுக்குப் பின்னால் நின்ற ஆணிடம்தான் சொன்னார்.

இந்த ஊரில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது. ஆளைப் பார்த்ததும் ஒரு சொல் தயாராக இருக்கும். ஆணுக்குச் சேட்டன், பெண்ணுக்குச் சேச்சி, இளையவள் என்றால் மோளே. அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர் சார். நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சார் அவர் கூடவே போகும். எங்களுக்கென்று தனியாகவும் ஒன்று வைத்திருந்தார்கள். என் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு இங்கே வந்தவர். நான் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பாண்டி என்பார்கள். தமிழரைக் கிள்ளுவதற்கென்றே இருக்கும் சொல் அது. சின்ன வயதில் அதற்கு நிறைய அழுதிருக்கிறேன். ஒரு கட்டத்தில் அழுகை நின்று கோபம் வந்தது. கோபம் எனக்கு நன்றாக ஒத்துப்போயிற்று, இன்று வரை ஒரு பக்கவிளைவும் இல்லை.

அதனால்தான், "ஒரு வார்த்தைதானே, விட்டுத்தள்ளு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விட்டுத்தள்ளச் சொல்கிறவர் யாரும் தன்னுடைய வார்த்தையை விட்டுத்தள்ளி நான் பார்த்ததில்லை.

சப்ளையராகச் சில வருடங்கள் ஓடின. மாடியில் ஏ.சி. ஹால் இருந்தது. அதைக் கவனிக்க ஒரு கேப்டன். எங்கள் ஹோட்டலில் கேப்டன் என்பது சும்மா கை கட்டி நிற்கும் வேலை இல்லை. எந்தச் சப்ளையருக்கு எந்த மேஜை என்று முடிவு செய்வது அவர். சப்ளையர்கள் எழுதி வரும் ஆர்டரை அடுக்களை ஜன்னலில் நின்று குரல் கொடுத்துச் சொல்வதும் அவர்தான். மேஜை எண் முதலில், பண்டம் பிறகு. உள்ளேயிருந்து தோசை மாஸ்டர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்னால் ஆர்டர் ஏறிவிட்டது. சொல்லவில்லை என்றால் ஏறவில்லை. நடுவில் கம்ப்யூட்டர் வந்தது, சீட்டு அச்சடித்துத் துப்பியது. மாஸ்டர் அதைச் சீண்டவே இல்லை. சீட்டு பாட்டுக்கு ஆணியில் குத்திக் கிடக்கும், குரல் கேட்டால்தான் கல்லில் மாவு விழும்.

இன்னொன்றும் உண்டு. பண்டம் சரியில்லை என்றால் அதே ஜன்னலில் திருப்பி வைக்கும் அதிகாரம் கேப்டனுக்கு மட்டும்தான். வேறு யாராவது வைத்தால் உள்ளேயிருந்து கரண்டி பறந்து வரும். நிஜமாகவே வரும், ஒரு தடவை என் முழங்கையில் பட்டிருக்கிறது.

அந்தக் கேப்டன் ஷார்ஜாவுக்கு வேலை கிடைத்துப் போனார். ஆற்றுகால் பொங்காலை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஊரின் தெருவெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்பு கூட்டிப் பொங்கலிடும் நாள் அது. முந்தின நாளே ரயில் ரயிலாகப் பெண்கள் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் எதிரே தெரிவது எங்கள் ஹோட்டல். மானேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் இங்கேயே வளர்ந்த தமிழர், தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்.

"பொங்காலை வரைக்கும் மாடியை நீ பாத்துக்கோ. பெண்ணுங்க கூட்டமல்லே வரும். நல்லாப் போச்சுன்னா பின்னே ஸ்திரமாக்கலாம்."

எனக்கு அந்த வேலை வேண்டும். பெருந்தன்மையாக மறைத்துப் பேச ஒன்றுமில்லை, ஆசையாக இருந்தது. அந்த ஜன்னலில் நின்று நான் குரல் கொடுக்க, உள்ளேயிருந்து பதில் வருவதை வீட்டில் துணி மடிக்கும்போதுகூட நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மானேஜர் ஒரு புது பேட்ஜ் நீட்டினார். 'ஹோஸ்டஸ்' என்று இருந்தது.

"இதுக்கு என்ன வேலை சார்?"

"வாசல்ல நின்னு சிரிச்சு வரவேற்கணும். மெனு கார்டு கொடுக்கணும்."

"ஆர்டர் விளிக்கிறது?"

"அது சப்ளையர்மார் பாத்துக்குவாங்க."

"அப்போ கேப்டன் யாரு?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். நான் மாடி ஹாலில் இருந்த மேஜையின் இழுப்பறையைத் திறந்தேன். போனவர் விட்டுச்சென்ற பேட்ஜ் உள்ளே கிடந்தது. எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டேன்.

"அது ஆணுங்களோட பேட்ஜல்லே" என்றார்.

"பேட்ஜுக்கு மீசை கிடையாது சார்."

"சரி, லேடி கேப்டன்னு ஒண்ணு அடிச்சுத் தரேன். போதுமா?"

"முன்னால இருந்தவருக்கு ஜென்ட்ஸ் கேப்டன்னு அடிச்சிருந்தீங்களா?"

அவருக்குக் கீழே யாரோ கூப்பிட்டது கேட்டுவிட்டது. இறங்கிப் போய்விட்டார். பேட்ஜ் என் சட்டையிலேயே இருந்தது.

முதல் ஆர்டரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு, ஒரு மசால் தோசை" என்றேன். உள்ளே கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். மாஸ்டரின் முதுகு தெரிந்தது, முதுகு அசையவில்லை. மறுபடி சொன்னேன். பதில் இல்லை. பக்கத்தில் நின்ற சப்ளையர் ஒருவர் தயங்கி, அதே சொற்களைத் தன் குரலில் சொன்னார். உடனே உள்ளேயிருந்து, "ரெண்டு, ஒரு மசால் தோசை!"

அன்று முழுதும் அப்படியே நடந்தது. நான் சொல்வேன், ஓர் ஆண் அதையே சொல்வார், ஆர்டர் ஏறும். கூட்டம் வடிந்ததும் அடுக்களைக்குள் போனேன். மாஸ்டர் திருநெல்வேலிக்காரர், என் அப்பா வயது. வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் விளிச்சது கேக்கலியா?"

"கேட்டுச்சு தாயி."

"அப்புறம் ஏன் திருப்பிச் சொல்லல?"

"பொம்பளப் பிள்ள சத்தத்துக்கு அடுக்களையில நின்னு பதில் சொல்லிப் பழக்கமில்ல. நாலு பேரு சிரிப்பானுவ. வேலைக்கு வந்த எடத்துல எனக்குன்னு ஒரு மரியாத இருக்குல்லா."

"வீட்டுல மதினி கூப்பிட்டா?"

"அங்கேயும் பதில் சொல்றதில்ல. போயி என்னன்னு கேட்டுட்டு வந்துருவேன்." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

மானேஜரிடம் சொன்னபோது, "ஆர்டர் ஏறுதுல்லே? யாரு சப்தத்துல ஏறினா என்ன?" என்று கேட்டார். பசித்து உட்கார்ந்திருப்பவர்களைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் பொறுத்தேன். பொறுப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சார் விஷயம் வந்தது. தலைமைச் செயலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலையில் வருவார், அடுக்களை ஜன்னலை ஒட்டிய நாலாம் மேஜை, ஒரு நெய் ரோஸ்ட், ஒரு காப்பி. பொங்காலைக்கு இரண்டு நாள் முன்பு அவர் வந்தபோது நான்தான் மேஜைக்குப் போனேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் விரலைச் சொடுக்கினார்.

"மோளே, ஆணுங்ஙள் ஆரும் இல்லே இவிடே?"

ஆண்கள் யாருமில்லையா என்கிறார். என் நாக்கு என்னைக் கேட்காமலே புறப்பட்டது.

"கேப்டன் ஞான் தன்னெ, சேட்டா. எந்து வேணம்?"

செய்தித்தாள் இறங்கியது. மனிதருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. காது வரை சிவந்துவிட்டது. டீக்கடையில் நிற்கிறவரை, ஆட்டோ ஓட்டுகிறவரை அழைக்கிற சேட்டா தன் மேல் வந்து விழுந்ததை அவரால் நம்பவே முடியவில்லை. மரியாதைக்குறைவான சொல்லும் இல்லை அது, அண்ணா என்றுதான் பொருள். அவர் எழுந்து, ரோஸ்ட் சாப்பிடாமலேயே கீழே இறங்கி, மானேஜரிடம் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

மானேஜர் மேலே ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"ஒரு பெரிய உத்தியோகஸ்தரை சேட்டான்னு விளிக்காமோ? அவரு மனசு எவ்வளவு வேதனைப்பட்டுது தெரியுமா?"

"வார்த்தையில என்ன சார் இருக்கு? யாரு எப்படி விளிச்சா என்ன?"

யாரு சப்தத்துல ஏறினா என்ன என்று அவர் கேட்டதுதான் அவரிடமே திரும்பிப் போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, முடிவாகச் சொன்னார். நாளை மாலை சார் வரும்போது, தான் பார்க்க நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் மாடி வேறொரு சப்ளையருக்கு, நான் கீழே பில் கவுண்டருக்கு.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "மன்னிப்புதான, கேட்டுத் தொலை" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஆனா பேட்ஜைக் கழட்டிக் குடுத்துராத" என்றாள்.

மறுநாள், பொங்காலைக்கு முந்தின நாள். மதியத்திலிருந்தே மாடி ஹால் நிரம்பி வழிந்தது. எங்கு பார்த்தாலும் பெண்கள், மேஜைக்கடியில் புது மண்கலங்கள், பைகளில் அரிசி, வெல்லம், தேங்காய். நாலாம் மேஜையில் கொல்லத்திலிருந்து வந்த மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், நரைத்த தலை, என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மோளே, ஞங்ஙளுக்கு மூணு மசால் தோசை. சீக்கிரம் வேணும் கேட்டோ."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போதே யோசித்தேன். அவரும் மோளே என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு என்னிடமே ஆர்டர் கொடுத்தார். சாரோ மோளே என்று சொல்லிவிட்டு என் தலைக்கு மேலே வேறு யாரையோ தேடினார். எனக்கு அந்தத் தேடல்தான் வலிக்கிறது.

அந்த நேரத்தில் சார் வந்தார். ஹாலில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி, அதுவும் அவருடைய நாலாம் மேஜையில். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். கொல்லத்துப் பெண்மணி அவரைப் பார்த்து, "சேட்டா, ஆ கலம் ஒண்ணு நீக்கி வெச்சே" என்றார். சார் குனிந்து மண்கலத்தை இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்து நகர்த்தி வைத்தார். அந்தச் சேட்டாவுக்கு யாரிடமும் புகார் போகவில்லை.

மானேஜர் படிக்கட்டருகே வந்து நின்றார். நான் நாலாம் மேஜைக்குப் போனேன். அங்கே நாங்கள் மலையாளத்தில் பேசினோம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், நேற்று உங்களைச் சேட்டா என்று கூப்பிட்டேன். உங்கள் மனம் வருந்தியது என்று சொன்னார்கள். மன்னிக்க வேண்டும்."

"பரவாயில்லை. நான் எந்தப் பதவியில் இருந்தவன் என்று உனக்குத் தெரிந்திருக்காது."

"தெரியும் சார். ஓய்வு பெற்ற பிறகும் சார் என்ற அந்தச் சொல் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். என் சொல் எனக்கு வேண்டாமா? நான் இந்த ஹாலின் கேப்டன்."

படிக்கட்டுப் பக்கம் இருமல் கேட்டது. சார் முதல் தடவையாக என் சட்டையில் இருந்த பேட்ஜைப் பார்த்தார்.  பிறகு மோளே என்றும் சொல்லாமல், கேப்டன் என்றும் சொல்லாமல், "ஒரு நெய் ரோஸ்ட்" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

ஜன்னலுக்குப் போனேன். என் கையில் பல மேஜைகளின் ஆர்டர் இருந்தது. "நாலு, மூணு மசால் தோசை, ஒரு நெய் ரோஸ்ட்." மாஸ்டரின் முதுகு. வழக்கம்போல் பக்கத்துச் சப்ளையர் வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன்.

"இன்னிக்கு யாரும் எனக்காக விளிக்க வேண்டாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் மறுபடி சொன்னேன். பதில் இல்லை. அடுத்த மேஜையின் ஆர்டரைச் சொன்னேன், அதற்கு அடுத்ததையும் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. கல் காலியாகப் புகைந்துகொண்டிருந்தது. ஹாலில் இரைச்சல் கூடியது. மானேஜர் ஓடி வந்தார்.

"கூட்டத்தைப் பாரு நீ."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

 பசித்தவர்களை நான் பிடித்து வைத்திருந்தேன், அது எனக்குத் தெரியும். இப்போது விட்டுக்கொடுத்தால் இனி எப்போதும் இப்படித்தான் என்பதும் தெரியும். கொல்லத்துப் பெண்மணி தோசை என்னவாயிற்று என்று கேட்டார். "எங்கள் மாஸ்டருக்குப் பெண் குரல் காதில் விழாது" என்றேன். அவர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு இந்த ஊர் அடுப்படியிலெல்லாம் நாங்கள்தான் இருப்போம். பாவம், அவர் எந்தப் பக்கம் போவார்?"

சாரால் பசி தாங்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அலுவலகத்தில் ஃபைல் கேட்டு அதட்டிய பழைய குரல் எங்கிருந்தோ வந்தது.

"எடோ, கேப்டன் விளிக்குந்நது கேட்டில்லே?"

உள்ளேயிருந்து மறு நொடியே பதில் வந்தது. "நாலு, மூணு மசால் தோசை, ஒரு நெய் ரோஸ்ட்."

ஹால் மூச்சு விட்டது. மானேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சார் தன்னால் ஒரு காரியம் ஆன திருப்தியில் உட்கார்ந்தார். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில், சந்தோஷம்தானே என்ற கேள்வி இருந்தது. எனக்குச் சந்தோஷம் இல்லை. கேப்டன் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆர்டர் ஏறியது அவருடைய குரலில். இரவல் குரலில் ஏறிய ஆர்டர் எனக்கு வேண்டாம்.

"நாலாம் மேஜை எல்லாம் கேன்சல்" என்று ஜன்னலில் குரல் கொடுத்தேன்.

"எந்தா?" என்றார் சார்.

"ஆர்டரை நீங்கள் விளிக்கக் கூடாது சார். அது என் வேலை."

கொல்லத்துப் பெண்மணியைப் பார்த்தேன். அவர் கையை அசைத்து, நடத்து என்றார். ஜன்னல் பக்கம் திரும்பினேன். இந்தத் தடவை கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னேன்.

"நாலு, மூணு மசால் தோசை, ஒரு நெய் ரோஸ்ட்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். முகம் கடுகடு என்றிருந்தது. பார்வை என்னைத் தாண்டிக் காத்துக்கிடந்த ஹாலுக்குப் போய், என்னிடம் திரும்பி வந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் கரண்டியை மாவில் போட்டார்.

"நாலு," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "மூணு மசால் தோசை, ஒரு நெய் ரோஸ்ட்."

பிறகு மற்ற மேஜைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அடுக்களைப் புகை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மானேஜர் என் காதருகே வந்து, "போதும், போதும். மாடி உனக்குத்தான். இனி பிரச்னம் ஒண்ணும் வேண்டாம் கேட்டோ" என்றார்.

நாலாம் மேஜைப் பண்டங்கள் ஜன்னலுக்கு வந்தன. மசால் தோசைகள் பொன்னிறமாக இருந்தன. நெய் ரோஸ்டைத் தட்டில் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் கருகியிருந்தது. மானேஜரும் பார்த்துவிட்டார். கொண்டு போ, கொண்டு போ என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

நான் தட்டை ஜன்னலில் திருப்பி வைத்தேன்.

"மாஸ்டர், இது கருகியிருக்கு. நாலுக்கு வேற ரோஸ்ட்."

பக்கத்தில் நின்ற சப்ளையர் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார். கரண்டி பறக்கவில்லை.

"நாலு, வேற ரோஸ்ட்" என்றது உள்ளேயிருந்து.